ஐந்துக்கு மூன்று

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முழங்காலை மட்டும் இந்த வாக்கியத்தில் சேர்க்க வேண்டாம். நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் போனில் எத்தனை தடவை கேட்டாலும் "எல்லாம் ஓகேம்மா" என்பதற்கு மேல் உன்னிடமிருந்து ஒரு செய்தி பெயராது.

இந்த வீட்டில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. உன் அப்பா தம் வாழ்நாளில் இனி ஒருபோதும் ஸ்டூல் மேல் ஏறுவதில்லை என்று தீர்மானித்தார். காலை உணவுக்குப் பிறகு இதற்கென்றே கூட்டம் கூடியது, வந்திருந்தவர்கள் அவரும் நானும். தீர்மானத்தை அவரே முன்மொழிந்து அவரே வழிமொழிந்து, மறுப்பு உண்டா என்று என் பக்கம் பார்த்தார், நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன், அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு ஏகமனதாக நிறைவேறியதாக அறிவித்தார். ஸ்டூலை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு ஒரு கால் குட்டை, ஆகவே அதற்கும் இதில் மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும். இந்த முடிவின் உடனடி விளைவாகச் சமையலறை பல்பு மூன்று நாள் எரியவில்லை. அதை நான் உன்னிடம் போனில் சொன்னேன், அங்கேதான் தொடங்கியது எல்லாம்.

இதை ஏன் கடிதமாக எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் எதைச் சொன்னாலும் நீ கேட்டுக்கொள்வதில்லை, புக் பண்ணிவிடுகிறாய். முழங்கால் வலி என்றேன், மறுநாள் காலை மசாஜ் செய்ய ஒரு மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலில் ஒரு ஆள். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றேன், மெத்தையை உறிஞ்சிச் சுத்தம் செய்ய இரண்டு பேர் ஒரு இயந்திரத்தோடு வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன், நாயை நடக்கக் கூட்டிப்போக ஒருவர் கயிறோடு வந்துவிட்டார், நாய் எங்களுடையது இல்லை என்று அவரை நம்பவைப்பதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. காகிதத்தில் அழுத்துவதற்கு எதுவும் இல்லை. இதைப் படித்து முடிக்கும்வரை உன்னால் யாரையும் அனுப்ப முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நீ இவர்களையெல்லாம் அனுப்பும் அந்தச் செயலியின் பெயரை எழுத மாட்டேன், விளம்பரமாகிவிடும். வீட்டு வேலை செய்ய வருகிறவர்களை அதில் வேலையாட்கள் என்று சொல்வது கிடையாது, 'மகிழ்ச்சிப் பங்காளிகள்' என்று சொல்கிறார்கள். நம் குடும்பத்தில் பங்காளி என்றால் என்ன என்பது உனக்குத் தெரியும், உன் பெரியப்பா ஊர் வீட்டு நடுக்கூடத்தில் எழுப்பிய சுவர் இன்னும் அங்கேதான் நிற்கிறது. முதலில் வந்த பங்காளி பல்பை மாற்றிய நேரத்தைவிட அதைப் படமெடுத்த நேரம் அதிகம். மாற்றுவதற்கு முன்னால் ஒரு படம், மாற்றிய பின் ஒரு படம், பல்போடு தானும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி ஒரு படம். வாடிக்கையாளரும் பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்கும் என்றார், உன் அப்பா உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பிறகு நான் தனிமையில் வாடுகிறேன் என்று உனக்கு யார் சொன்னார்களோ, 'துணை, ஒரு மணி நேரம்' என்று ஒரு பெண்மணியை அனுப்பினாய். அப்பா அப்போது வீட்டில்தான் இருந்தார், அவரை நீ துணைக் கணக்கில் சேர்க்காததில் அவருக்கு வருத்தம், எனக்கு இல்லை. அந்தப் பெண்மணி சோபாவின் நுனியில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டார். இளமையில் உங்கள் கனவு என்ன, வாழ்க்கையில் யாரையெல்லாம் மன்னிக்க விரும்புகிறீர்கள். ஆட்கள் நிறைய என்றேன். பதில் எழுத இடம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றார். தேநீர் கொடுத்தேன், வாடிக்கையாளர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது விதியாம், இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன். போன் ஒரு சத்தம் போட்டது, உடனே எழுந்து, உங்களோடு பழகியது என் மனதுக்கு மிகுந்த நிறைவைத் தந்தது என்று போனிலிருந்து வாசித்துவிட்டுக் கிளம்பினார். முப்பது வருடம் நூலகத்தில் உட்கார்ந்து, புத்தகம் எடுத்துப்போகிறவர்கள் திருப்பித் தருவார்கள் என்று நம்பிச் சம்பளம் வாங்கியவள் நான், என்னையே அந்த ஒரு மணி நேரம் மனித குலத்தின் மேல் சந்தேகப்பட வைத்துவிட்டது.

ஆனாலும் உன்னால் எனக்கு இந்தக் கட்டடத்தில் மரியாதை கூடியிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மாடிப்படியில் இப்போது யாரைப் பார்த்தாலும் இதுதான் பேச்சு. முதல் மாடி அம்மாள், என் பெண் அங்கேயிருந்தே ஜன்னல் துடைக்க ஆள் அனுப்பினாள் என்கிறார். எதிர்வீட்டு வங்கி மேலாளர், எங்க பையன் பிரிட்ஜுக்கு உள்ளே துடைக்கவே ஆள் அனுப்பினான் என்கிறார். ஜன்னல் தோற்றுவிடுகிறது. பிள்ளை வந்தான், பெண் வந்தாள் என்று யாரும் இப்போது சொல்லிக்கொள்வதில்லை, அது பழைய மோஸ்தர். போன மாதம் உன் அத்தை வந்திருந்தாள், வந்ததும் வராததுமாக, "உங்க பையன் வாரத்துக்கு எத்தனை ஆள் அனுப்புறான் அண்ணி?" என்று கேட்டாள். மூன்று என்றேன். அவளுக்கு இரண்டுதான் போலிருக்கிறது, முகம் சின்னதாகிவிட்டது, தேநீருக்குச் சர்க்கரை போதவில்லை என்று சொல்லி ஆற்றிக்கொண்டாள். உன்னைப் பெற்றதற்கு அந்த ஒரு நிமிடம் பூரித்துப்போனேன்.

இந்த ஊர்வலத்தில்தான் ரேடியோ வந்தார். அவருக்கு வேறு நல்ல பெயர் இருக்கிறது, வாயை மூட வைக்க முடியாததால் அப்பா வைத்த பெயர் இது, அவருக்கும் பிடித்துப்போனது. பாத்திரம் துலக்கிப் பெருக்க வந்த பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது, நீயும் ஏதோ இதயப் படத்தை அழுத்தி அவரையே வாரம் மூன்று நாள் வரும்படி செய்தாய், நீ செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அவரைப் பெரிய வேலைக்காரி என்று சொல்ல மாட்டேன். சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். தட்டில் சோப்பு இருக்கும். பெருக்கும்போது ஓர் அறைக்கு மூலைகள் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. என்னுடைய நீலக் கோப்பையை உடைத்துவிட்டு, "அது ஏற்கெனவே மனசு விட்டுப் போயிருந்ததும்மா" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். விதியை மதிக்காமல் தேநீர் குடிப்பார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார். அப்பா பேப்பரைப் பிரித்து அரசியல் பேசினால் இவர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு எதிர்க்கட்சி ஆகிவிடுவார், அப்பாவுக்குச் சரியாகக் கேட்காத காதுப் பக்கம் நின்றே வாதாடுவதால் எப்போதும் இவருக்குத்தான் வெற்றி. தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை, எந்தக் கடையில் தராசு கள்ளத் தராசு, எல்லாம் வாரம் மூன்று ஒலிபரப்பு. அந்த நாட்களில் உன் அப்பா சவரம் செய்துகொண்டு காத்திருந்தார் என்றால் நீ நம்ப மாட்டாய்.

இந்தச் செயலியை நான் எவ்வளவு வெறுக்கிறேனோ அவ்வளவு ரேடியோ கொண்டாடினார் என்பதையும் மறைக்கக் கூடாது. கணவர் போன பிறகு அவர் அண்ணன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். அங்கே பத்து வருடத்துக்கு மேல் எட்டுப் பேருக்குச் சமைத்து, துவைத்து, அண்ணியின் தலைவலிக்குத் தைலம் தேய்த்திருக்கிறார். கூடப்பிறந்தவள் என்பதால் சம்பளம் கிடையாது, சாப்பாடு போடுகிறோம் என்பதால் நன்றியும் கிடையாது. இந்த வேலை கிடைத்ததும் வெளியே வந்து, சலவைக் கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். ஒரு ஜன்னல், ஒரு கதவு. நானும் போய்ப் பார்த்தேன், நம் வீட்டு மூலைகளை நம்பாதவர் அந்த அறையின் நான்கு மூலைகளையும் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். நான் ஒரு நாள், எவனோ எங்கேயோ உட்கார்ந்து உங்கள் முதுகில் சம்பாதிக்கிறான், அதைப் போய்ப் புகழ்கிறீர்களே என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, சம்பாதிக்கட்டும். என் ரூமை நானே பூட்டிட்டு வரேன், நானே திறந்துட்டுப் போறேன். உள்ள போய் உக்காந்தா யாரும் என்கிட்ட டீ கேக்க மாட்டாங்க" என்றார். முதலாளித்துவம் பற்றி நான் படித்த புத்தகம் எதிலும் அண்ணி வரவில்லை.

இனி உன் அப்பாவின் பங்கு. ஆரம்பத்தில் வேலை முடிந்ததும் நட்சத்திரம் போடுவது உன் பொறுப்பாக இருந்தது. வேலை நடந்ததா இல்லையா என்று தெரியாமலே நீ அங்கேயிருந்து ஐந்து, ஐந்து என்று அழுத்திக்கொண்டிருந்தாய், எல்லோரும் சுகமாக இருந்தார்கள். பிறகு அதற்கும் நேரமில்லை என்று உன் கணக்கை அப்பாவின் போனில் திறந்துவைத்து, "அப்பா, நீங்களே பார்த்து போட்டுடுங்க" என்றாய். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியாரிடம், அதுவும் அரசுத் தேர்வில் தலைமை மதிப்பீட்டாளராக இருந்து யாருக்கும் முழு மதிப்பெண் போட்டறியாத மனிதரிடம் போய் நட்சத்திரத்தைக் கொடுத்தாய். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம், நீ அதை எடுத்து அடுத்தவர் மடியில் விட்டாய். உனக்கே எழுபத்தொன்று போட்டவர் அவர், ஒரு சமக்குறி விட்டுப்போயிற்று என்று நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களை நான் பார்த்ததில்லை. ரேடியோ கிளம்பியதும் நாற்காலியை மேசையருகே இழுத்துப்போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூலைகளுக்குப் போய்க் குனிந்து பார்த்து, அதன் பிறகுதான் போனைத் தொடுவார். அரை நட்சத்திரம் போட வழி வைக்காதது மதிப்பீட்டு முறைக்கே இழுக்கு என்று ஒரு வாரம் புலம்பினார். முடிவில் மூன்று போடுவார். ஐந்துக்கு மூன்று என்றால் நூற்றுக்கு அறுபது, அறுபது என்றால் முதல் வகுப்பு. தட்டில் சோப்பை வைத்துக்கொண்டு முதல் வகுப்பில் தேறுவது சாதாரணமா என்பது அவர் கட்சி. கீழே கருத்து எழுதும் கட்டத்தில், 'முயற்சி தெரிகிறது. மேலும் முன்னேற வாய்ப்புண்டு' என்று எழுதுவார். தாராளமாக நடந்துகொண்ட நிறைவோடு அன்று இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவார். நானும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் சமையல் அவரிடம் மூன்றைத் தாண்டியதில்லை, நான் எங்கே கெட்டுப்போனேன்?

ரேடியோ ஒவ்வொரு நாளும் செருப்பை மாட்டிக்கொண்டே, "சார், அஞ்சு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அதுதான் இன்னும் வினையாயிற்று. விடைத்தாள் திருத்துகிறவரை வீட்டில் வந்து பார்த்து மதிப்பெண் கேட்பது அப்பாவின் அகராதியில் என்ன குற்றம் என்று உனக்குத் தெரியும், அதற்காக ஒரு பையனின் தகப்பனாரைப் பழக்கூடையோடு படியிறக்கி அனுப்பியவர். ஒரு நாள் குக்கர் கைப்பிடியைக் கழற்றிச் சரிசெய்து, பாத்திரத் தொட்டியின் அடைப்பையும் ரேடியோ எடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான்கு போடலாம் என்று அப்பாவே வாய்விட்டுச் சொன்னார். ஆனால் கேட்டுவிட்டாரே என்று ஒன்றைக் குறைத்து மூன்றே போட்டார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை ரேடியோ வரவில்லை. வேறொருவர் வந்தார், இடுப்புக்கு வார் கட்டிய பெரிய உடம்புக்காரர், அதிகம் பேசாதவர், மூலைகளை நம்புகிறவர். அப்பா சவரம் செய்துகொண்டு பேப்பரோடு உட்கார்ந்திருந்தவர், அந்த அம்மா எங்கே என்று விசாரித்தார். அவர் துடைத்துக்கொண்டே, "அந்த அக்கா ஐடியை லாக் பண்ணிட்டாங்க சார். ரேட்டிங் போயிடுச்சு. யாரோ ஒரு கஸ்டமர் விடாம மூணு மூணா போட்டிருக்காரு. அந்த அக்காவுக்குப் பாதி வேலை அவங்க வீட்டுலதானாம், மொத்தமா இழுத்து விட்டுடுச்சு. என்ன பகையோ" என்றார். அப்பா பேப்பரை மடித்தார். "மூணுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்ப்பா" என்றார். "எங்க சார்? இங்க நாலரைக்குக் கீழ போனா ஃபெயிலு." கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆள், உங்க வீட்டைப் பத்திச் சொல்லியிருக்காங்க சார், நாங்களும் கஸ்டமருக்கு ஸ்டார் போடணும், அந்த அக்கா எப்பவும் உங்களுக்கு அஞ்சுதான் போடும், டீ குடுப்பாங்கன்னு, என்று தகவலுக்காகச் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அப்பா அவருக்கு நட்சத்திரம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். நான்கரைக்குக் கீழே எல்லாம் தோல்வி என்றால் பிறகு எதற்கு ஐந்து, ஸ்விட்ச் மாதிரி ஒன்று வைத்தால் போதாதா என்று சாயங்காலம் என்னைக் கேட்டார். அதை என்னைக் கேட்டு என்ன பயன்?

அடுத்த நாளிலிருந்து முறையீடு. அந்தச் செயலியில் உதவி கேட்டால் பேச ஆள் கிடையாது, 'தோழி' என்று ஓர் இயந்திரம் இருக்கிறது. அப்பா நடந்ததையெல்லாம் ஒரு பக்கத்துக்குத் தட்டினார், ஒரே விரலால். 'உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது' என்றது தோழி. எது புரிந்தது என்று கேட்டார். 'நீங்கள் சேவையில் திருப்தி அடையவில்லை என்பது புரிகிறது, அந்த உதவியாளர் இனி உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்' என்றது. அதற்குமேல் அவர் தாளை எடுத்து அவர்கள் தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதினார், பொருள்: மறுமதிப்பீடு கோருதல். தன் மதிப்பீட்டில் பிழை நேர்ந்துவிட்டதாகவும், தேர்வருக்கு முழு மதிப்பெண் வழங்க வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பணிக்காலம் முழுக்க ஒரு தாளில்கூட ஒரு மதிப்பெண் மாற்றாதவர், ஐந்துக்கு ஐந்து என்று எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது, நான் பார்த்தேன். பதில் மின்னஞ்சலில் வந்தது, கணக்கு உங்கள் பெயரில் இல்லை, கணக்கு வைத்திருப்பவர்தான் எழுத வேண்டும் என்று. கூடவே இந்தப் பதிலுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பூஜ்யம் போட வழி இல்லை, ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

உனக்குப் போன் செய்தேன். நீ ஏதோ கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தாய். "விடும்மா, வேற ஆள் அனுப்புவாங்க. அதுக்குத்தானே இந்த சிஸ்டமே" என்றாய். நீ சொன்னது முற்றிலும் சரி, அனுப்பினார்கள், இதுவரை ஐந்து பேர்.

அந்த வாரமே ரேடியோ நேரில் வந்தார். உள்ளே வர முடியவில்லை. நம் கட்டட வாசலிலும் இப்போது அதே செயலிதான், எண் சொன்னால்தான் கதவு திறக்கும், அவருக்கு எண் கிடையாது. காவலாளிக்கு அவரை நன்றாகத் தெரியும், அவர் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது ரேடியோதான் கூட இருந்திருக்கிறார், ஆனாலும், "நம்பர் இல்லாம விட்டா எனக்கும் ஸ்டார் போயிடும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் இறங்கிப் போனேன், என் பின்னால் அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள், சிறையில் யார் யாரைப் பார்க்க வந்தோம் என்று சொல்ல முடியாத மாதிரி. அப்பா, "தப்பு என்னுதும்மா. மறுமதிப்பீடு கேட்டிருக்கேன்" என்றார். இதில் முதல் வாக்கியத்தை நான் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. ரேடியோ கம்பிக்கு அருகே வந்தார். "சார், நான் உங்க வீட்டுக்கு வேலைக்குத்தான் வந்தேன். பரீட்சை எழுத வரலையே" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, அதுதான் அப்பாவை ஏதோ செய்துவிட்டது. நான் தனியாகவே உங்களை வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு வீட்டை வைத்துக்கொண்டு அறை வாடகை எப்படிக் கட்டுவது, வெளியில் வேலை செய்வது தெரிந்தால் ஐடி திரும்பி வரவே வராது, வாசலையும் தாண்ட முடியாது என்று அவரே எனக்குப் பாடம் எடுக்காமல் பொறுமையாகச் சொன்னார். ஒரே ஒரு வழிதான் இருக்கிறதாம். "கணக்குக்காரர் ஒரு வார்த்தை எழுதினா எடுத்துக்குவாங்களாம் அம்மா. இந்த மாசக் கடைசி வரைக்கும் டைமு. தம்பிகிட்ட சொல்லுங்க. வாடகையை இந்த ஒரு மாசம் எப்படியாவது சமாளிச்சுடுவேன், அதுக்கு மேல அண்ணன் வீடுதான்." சொல்லிவிட்டு மேலே பார்த்து, மழை வருது, உங்க துணி கொடியில கிடக்கு பாருங்க என்றார். நாங்கள் ஏறிப் போவதற்குள் துணி நனைந்துவிட்டது.

நடுவில் நான் கட்டடத்தில் நான்கு வீடு ஏறி இறங்கினேன். ரேடியோ முதல் மாடி அம்மாளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அந்த அம்மாள் வருத்தமாகத்தான் பேசினார், நல்ல பொம்பளைதான் பாவம், ஆனா ரேட்டிங் சரியில்லையாமே, என்ன பண்ணினாங்களோ, என்றார். கஞ்சி குடித்த வாய். வங்கி மேலாளர், விசாரிக்காமல் ஆளை உள்ளே விடக் கூடாது என்றார். மாதக்கணக்காக அவர் வீட்டுச் சாவி ரேடியோவிடம் இருந்தது, அதை விசாரணையில் சேர்க்க மாட்டார்களாம்.

உனக்கு நான் மூன்று முறை போன் செய்தேன், அப்பா ஒரு முறை செய்தார், அவர் போன் செய்து பார்த்திருக்கிறாயா நீ? கண்டிப்பா எழுதறேன்ப்பா, இந்த வாரக் கடைசியில எழுதிடறேன் என்றாய். எழுத வேண்டியது இரண்டு வரி. அப்பா அந்த இரண்டு வரியையும் தயாராக எழுதி உனக்கு அனுப்பியும் வைத்தார், நீ கையெழுத்து மட்டும் போடுகிற மாதிரி. அந்தச் சனிக்கிழமை அவர் போனில் ஒரு செய்தி வந்தது, ஒரே கணக்கு என்பதால் உனக்கு வருவதெல்லாம் அவருக்கும் வருகிறது. 'வாழ்த்துகள். உங்கள் குறை தீர்ந்ததில் நாங்களும் மகிழ்கிறோம். முறையீடு முடிக்கப்பட்டது. உங்கள் அடுத்த சேவைக்கு இருபது சதவீதத் தள்ளுபடி' என்று பட்டாசு வெடிக்கிற படம் போட்டு. அப்பா அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். உன்னைக் கேட்டேன். உங்கள் குறை தீர்ந்ததா என்று ஒரு கேள்வி வந்ததாகவும், ஆமாம் என்று அழுத்தினால்தான் அது திரையை விட்டுப் போகிறது என்பதால் அழுத்தியதாகவும் சொன்னாய். "நூறு வருதும்மா, எது எதுன்னு எப்படிப் பார்க்க முடியும்?" என்றாய். முடித்த முறையீட்டை மறுபடி திறக்க முடியாது என்று தோழி சொல்லிவிட்டது. என் உணர்வும் அதற்குப் புரிந்தது.

நான் உன்னைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. திட்டினால் சமாதானம் செய்ய ஒரு ஆளை அனுப்பிவிடுவாய். உன் அப்பா இப்போது யார் வந்தாலும் என்ன செய்தாலும் ஐந்து போடுகிறார், தட்டைப் பார்ப்பதில்லை, மூலைக்குப் போவதில்லை, நாற்காலியை இழுப்பதுகூட இல்லை, நின்றபடியே அழுத்திவிடுகிறார். நேற்று வருவதாகச் சொல்லிவிட்டு வராமலே போன ஆளுக்கும் ஐந்து. பேப்பரைப் பிரிக்கிறார், எதிர்த்துப் பேச ஆள் இல்லாததால் சீக்கிரம் மடித்துவிடுகிறார். வேறு செய்தி என்றால், தண்ணீர் மோட்டார் பழுதாகிச் சரியாயிற்று, அத்தை பெண்ணுக்கு வேலை நிரந்தரமாகியிருக்கிறது, ஒரு வார்த்தை வாழ்த்து எழுதிப்போடு, நீயே எழுது, அதற்கும் ஆள் கிடைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

வெயிலில் தலையில் ஒன்றும் இல்லாமல் அலையாதே. ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதே. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது நீயே வாசித்துக்காட்டு, ஐந்துக்கு மூன்று என்றால் எவ்வளவு என்பதையும் சொல்லிக்கொடு, பள்ளிக்கூடத்தில் இப்போது என்ன சொல்லித்தருகிறார்களோ தெரியவில்லை. மருமகளிடம் அவள் அனுப்பிய கம்பளி எனக்குச் சரியாக இருக்கிறது என்று சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், மனசு நிறைந்து, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச நேரம் வாய்த்து, நெடுநாள் வாழ வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசி. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்: அந்த இருபது சதவீதத் தள்ளுபடிக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதியோடு கெடு முடிகிறது, வீணாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்

பின்குறிப்பு: ரேடியோ போன சனிக்கிழமை அறையைக் காலி செய்து, சாவியைச் சலவைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணனின் மூத்த பையனுக்குக் கல்யாணம் ஆகியிருப்பதால் அங்கே இப்போது ஒன்பது பேர்.